மீனிங் மட்டும் போதாது, வார்த்தைய நம்மூருக்குக் கூட்டிட்டு வாங்க

எங்க ஊர்ப்பக்கம், அதாவது பாலக்காடு மாவட்டத்துல தமிழ்நாட்டு எல்லைய ஒட்டி கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு இந்த பெல்ட்ல, வீட்டுல தமிழ் பேசி வளந்தவங்க யாரும் மலையாளத்த மீனிங் பாத்துப் படிச்சதில்ல. பஸ்ல கண்டக்டர் கத்துறது, ரேஷன் கடை க்யூல நடக்கற சண்டை, பக்கத்து வீட்டு சேச்சி மதில் மேல சாஞ்சுட்டு சொல்ற கதை, இப்படியே காதுல விழுந்து விழுந்து வந்ததுதான். பொள்ளாச்சி பக்கத்துலருந்து கல்யாணம் ஆகி இங்க வர்ற பொண்ணுங்க முதல்ல 'தொழிலவசரம்'னு போர்டு பாத்தா ஏதோ அவசர வேலை போலன்னு நினைப்பாங்க, அது வேலை வாய்ப்புன்னு யாரும் டிக்ஷனரி எடுத்துக் காட்டப் போறதில்ல, நாலு தடவை நாலு எடத்துல அந்த வார்த்தைய கேட்டதும் தானா புரிஞ்சுரும், அதுக்கப்புறம் சாகற வரைக்கும் மறக்காது.

இதே ஆளுங்க இங்கிலீஷ்னு வந்தா மட்டும் எப்படி மாறிடறாங்கன்னுதான் எனக்குப் புரியல. ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி நடுவுல கோடு போட்டு, இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் தமிழ்ல ஒத்தை மீனிங், பக்கம் பக்கமா எழுதி, காலைல எந்திரிச்சு மனப்பாடம். கேட்டா சொல்லுவாங்க, ஆனா எழுத சொன்னா கை நிக்கும், இல்லன்னா நிக்காம ஓடி எங்கயோ போய் முட்டும்.

நான் சாயங்காலம் வீட்டுத் திண்ணைல டியூஷன் எடுக்கறேன். வர்றதுல பாதி பேர் நர்சிங் முடிச்ச பொண்ணுங்க, ஐஇஎல்டிஎஸ், ஓஇடின்னு ஏதாவது ஒரு இங்கிலீஷ் பரீட்சை எழுதி வெளிநாடு போகணும், மிச்சம் டிகிரி பசங்க, ரெண்டு மூணு பேர் கவர்மென்ட் வேலைக்கு பிஎஸ்சி பரீட்சை எழுதறவங்க. போன மாசம் ஒரு பொண்ணு 'எக்ஸாசர்பேட்'டுக்கு ஒரு சென்டன்ஸ் எழுதிட்டு வந்தா. தமிழ்ல சொன்னா, "எங்கண்ணன் என் ஸ்கூட்டிய எக்ஸாசர்பேட் பண்ணிட்டான்". எல்லாரும் சிரிச்சோம், அவளும் சிரிச்சா, ஆனா விடல.

"டீச்சர், மேக் வொர்ஸ்னுதானுங்களே மீனிங் போட்டிருக்குது? அவன் ஓட்டி ஓட்டி வண்டி மோசமாத்தானுங்க ஆச்சு?"

அவ கேட்டதுல தப்பே இல்ல, மீனிங் அப்படித்தான் போட்டிருக்கு, வண்டியும் மோசமாத்தான் ஆச்சு. மீனிங் சொல்லாம விட்டது என்னன்னா, எக்ஸாசர்பேட் பண்றதுக்கு ஒரு விஷயம் ஏற்கெனவே கெட்டுப் போயிருக்கணும். ப்ராப்ளம், டென்ஷன், ஆஸ்துமா, சண்டை, வறட்சி, இந்த மாதிரி ஏற்கெனவே மோசமா இருக்கறது இன்னும் மோசமாகறதுதான் அந்த வார்த்தை. ஸ்கூட்டி நல்லா இருந்துச்சு, அண்ணன் எடுத்தான், கெட்டுப்போச்சு, அதுக்கு 'டேமேஜ்', 'ரூயின்'னு வேற வார்த்தைங்க இருக்கு. இத டெஃபனிஷன்ல தேடாதீங்க, அதுக்குக் கீழ இருக்கற எக்ஸாம்பிள் சென்டன்ஸ்ல இருக்கும். டிக்ஷனரில நாலு எக்ஸாம்பிள் இருந்தா நாலுலயும் பின்னாடி வர்ற வார்த்தை ஏதோ ஒரு கெட்ட விஷயமாவே இருக்கறத பாத்தீங்கன்னா போதும்.

நர்சிங் பொண்ணுங்களுக்கு இன்னொரு வார்த்தை எப்பவும் தகராறு பண்ணும், 'அட்மினிஸ்டர்'. கொடுத்தல்னு எழுதி வச்சிருப்பாங்க, வார்டுல டெய்லி பாக்கற வார்த்தைதான், ஆனா "தி நர்ஸ் அட்மினிஸ்டர்ட் தி பேஷன்ட்"னு எழுதுவாங்க. அப்படி எழுதினா அந்த பேஷன்ட்டயே எடுத்து யாருக்கோ குடுத்த மாதிரி ஆயிடும். மருந்த அட்மினிஸ்டர் பண்ணணும், பேஷன்ட்டுக்கு முன்னாடி 'டு' வரணும். ஒருத்தி விருந்தாளிக்கு டீ அட்மினிஸ்டர் பண்ணினதாவே எழுதிட்டா, அந்த டீய யாரும் குடிக்க மாட்டாங்க. ஓஇடி ரைட்டிங்ல கேஸ் நோட்ஸ் குடுத்து லெட்டர் எழுதச் சொல்லுவாங்க, 5 நிமிஷம் படிக்க, 40 நிமிஷம் எழுத, அந்த லெட்டர்ல இந்த மாதிரி ஒண்ணு வந்தா படிக்கற டாக்டருக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஐஇஎல்டிஎஸ்ல இதுக்கு மார்க்கே தனியா இருக்கு. ரைட்டிங், ஸ்பீக்கிங் ரெண்டுலயும் நாலு விஷயம் பாத்து மார்க் போடறாங்க, அதுல ஒண்ணு லெக்சிகல் ரிசோர்ஸ், அதாவது கால்வாசி மார்க் வார்த்தைக்கு. சரி கஷ்டமான வார்த்தையா போட்டா மார்க் கொட்டும்னு நினைச்சுக்கறாங்க. பேண்ட் 7க்கு, அங்க மார்க்க பேண்ட்னுதான் சொல்லுவாங்க, அவங்க எழுதி வச்சிருக்கறதப் பாத்தா, அவ்வளவா புழங்காத வார்த்தைகள ஸ்டைலும் கொலொகேஷனும் கொஞ்சம் தெரிஞ்சு உபயோகிக்கணும்னு இருக்கு. கொலொகேஷன்னா ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, எந்த வார்த்தை எந்த வார்த்தையோட சேரும்ங்கறதுதான். பிரிட்டன்ல நர்ஸ் ரெஜிஸ்டர் பண்ண லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 7, ரைட்டிங்ல 6.5 வேணும், எங்க பொண்ணுங்க நிறைய பேர் அந்த ரைட்டிங்லதான் 6ல நின்னுருவாங்க. அவங்க நோட்டப் பாத்தா வார்த்தைக்குப் பஞ்சமே இல்ல, சேர்க்கைதான் சரியில்ல.

சேர்க்கைன்னதும் டீ ஞாபகம் வருது. ஹாலிடேன்னு ஒரு மொழியியல்காரர் 1966ல இதுக்கு ஒரு உதாரணம் சொன்னாரு, இங்கிலீஷ்ல டீ 'ஸ்ட்ராங்'கா இருக்கும், 'பவர்ஃபுல்'லா இருக்காது, கார் இன்ஜின் பவர்ஃபுல்லா இருக்கும். ரெண்டு வார்த்தைக்கும் மீனிங் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா மாத்திப் போட முடியாது. இது எங்க செக்போஸ்ட் டீக்கடைல நின்னா ஒரு நிமிஷத்துல புரியும். பொள்ளாச்சிக்காரரு "ஸ்ட்ராங்கா ஒரு டீ"ம்பாரு, பாலக்காட்டுக்காரரு "கடுப்பத்தில் ஒரு சாயா"ம்பாரு, மாஸ்டர் ரெண்டுக்கும் ஒரே டிகாஷன்தான் ஊத்துவாரு. ஆனா அந்த 'கடுப்பத்தில்'ங்கறத பொள்ளாச்சில போய் சொல்லிப் பாருங்க, ஏன் கடுப்பா இருக்கீங்கன்னு கேப்பாங்க. ஹாலிடேக்கு முன்னாடியே, 1957ல, ஃபிர்த்னு ஒருத்தர் ஒரு வார்த்தைய அது யாரோட சுத்துதுன்னு பாத்துதான் தெரிஞ்சுக்க முடியும்ங்கற மாதிரி சொல்லிட்டாரு. பொண்ணு குடுக்கப் போறவங்க மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ்கள விசாரிக்கறது நம்ம ஊர்ல அதுக்கும் ரொம்ப முன்னாடிலருந்து இருக்கு, அது வேற.

இந்த இடத்துல டிக்ஷனரி பத்தி கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா எந்த டிக்ஷனரி எடுக்கறீங்கங்கறதுலயே பாதி வேலை முடிஞ்சுரும். இங்கிலீஷ்-தமிழ் டிக்ஷனரி அவசரத்துக்கு சரி. ஆனா படிக்கறதுக்கு லேர்னர்ஸ் டிக்ஷனரின்னு தனியா ஒரு ஜாதி இருக்கு, இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களுக்காகவே செஞ்சது. இது எங்க ஆரம்பிச்சுதுன்னு பாத்தா நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் பாடம் எடுத்த இடங்கள்லதான். மைக்கேல் வெஸ்ட்னு ஒருத்தர் அந்தக் கால வங்காளத்துல, டாக்கா பக்கம் வேலை பாத்தவர், 1935ல வெறும் 1490 வார்த்தைய மட்டும் வச்சுக்கிட்டு மத்த எல்லா வார்த்தைக்கும் டெஃபனிஷன் எழுதின ஒரு டிக்ஷனரிய இன்னொருத்தரோட சேர்ந்து கொண்டு வந்தாரு. ஒரு வார்த்தை தெரியாம டிக்ஷனரி எடுத்தா அந்த மீனிங்ல இன்னும் மூணு தெரியாத வார்த்தை இருக்கும்ல, அந்த எரிச்சலுக்குத்தான் இது மருந்து. லாங்மேன் 1978ல இதையே எடுத்து சுமார் 2000 வார்த்தைக்குள்ள எல்லா டெஃபனிஷனும்னு பண்ணினாங்க.

ஹார்ன்பின்னு இன்னொருத்தர், ஜப்பான்ல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவரு. ஜப்பான் பசங்க வெர்புக்குப் பின்னாடி என்ன போடறதுன்னு தெரியாம திணறறதப் பாத்து, ஒவ்வொரு வெர்பும் எப்படி வரும், பின்னாடி 'டு' வருமா, 'தட்' வருமா, ஆளு வருமா, பொருளு வருமான்னு பேட்டர்ன் பேட்டர்னா போட்டு எக்ஸாம்பிளோட ஒரு டிக்ஷனரி பண்ணினாரு, கூட ரெண்டு பேர். அது 1942ல டோக்கியோல வந்துச்சு, அதுவும் ஜப்பானும் பிரிட்டனும் சண்டை போட்டுட்டு இருந்த நேரம். அதத்தான் 1948ல ஆக்ஸ்ஃபர்ட் எடுத்துப் போட்டாங்க, இன்னைக்கு எல்லாரும் வச்சிருக்கற ஆக்ஸ்ஃபர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரிங்கறது அதோட வாரிசுதான். நம்ம 'அட்மினிஸ்டர்' பொண்ணோட பிரச்சனைய அவரு அப்பவே பாத்துட்டாருன்னு வச்சுக்கோங்களேன்.

எனக்கு ரொம்பப் புடிச்சது கோபில்ட். 1987ல பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டில ஜான் சின்க்ளேர்னு ஒருத்தர் தலைமைல பண்ணினது. நெஜமா எழுதின, பேசின இங்கிலீஷ கம்ப்யூட்டர்ல கொட்டி அதுலருந்து எடுத்த எக்ஸாம்பிள், யாரும் ரூம்ல உக்காந்து யோசிச்சு எழுதினது இல்ல. டெஃபனிஷனே முழு சென்டன்ஸா இருக்கும், "நீங்க ஒருத்தர இப்படிப் பண்ணினா..."ன்னு கதை சொல்ற மாதிரி ஆரம்பிக்கும். டெஃபனிஷனுக்குள்ளயே அந்த வார்த்தைக்கு யாரு சொந்தக்காரங்கன்னு தெரிஞ்சுரும், பாட்டி சொல்ற மாதிரி இருக்குன்னு ஒரு பையன் சொன்னான், கரெக்ட்தான்.

இந்த டிக்ஷனரிங்க எல்லாம் இப்போ நெட்ல ஃப்ரீ. பாக்கும்போது மீனிங்குக்கு முன்னாடி சின்னதா ஒரு லேபிள் இருக்கும், ஃபார்மல், இன்ஃபார்மல், டிஸப்ரூவிங்னு. தொண்ணூறு பர்சென்ட் பேரு அத மிதிச்சுட்டு தாண்டிப் போவாங்க. ஒரு டிகிரி பையன் "பாலக்காடு அதன் கோட்டைக்கு நட்டோரியஸ்"னு எழுதினான், ஃபேமஸ்ங்கறதுக்கு பதிலா பெரிய வார்த்தையா இருக்கட்டுமேன்னு. நட்டோரியஸ்னா கெட்ட பேருக்கு ஃபேமஸ். 1766ல ஹைதர் அலி கட்டின கோட்டை, திப்பு கோட்டைன்னு பேரு வாங்கி, இத்தனை நாள் நின்னுக்கிட்டு இருக்கு, அதுக்கு இந்தப் பழியா. சண்டே வந்தா ஃபேமிலியோட சுத்திப்பாத்துட்டு கடலை வாங்கித் தின்னுட்டு வர்ற இடம்டான்னேன். சரிங்க டீச்சர், ரோட்டுல ட்ராஃபிக் ஜாமுக்கு நட்டோரியஸ்னு மாத்திக்கறேன்னான். அது சரி!

இதனாலதான் ரீல்ஸ்ல வர்ற அந்த "வெரி ஹேப்பின்னு சொல்லாதீங்க, எக்ஸ்டாடிக்னு சொல்லுங்க, வெரி டயர்ட்னு சொல்லாதீங்க..." டைப் வீடியோவப் பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும். ஒரு வார்த்தைய எடுத்துட்டு அந்த எடத்துல இன்னொண்ண வச்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க. பஸ் கரெக்ட் டைம்க்கு வந்ததுக்கு எக்ஸ்டாடிக் ஆக முடியுமா? எங்க ரூட்ல ஆகலாம், ஆனாலும்.

இன்னொண்ணு ஜிஆர்ஈ லிஸ்ட், வெளிநாட்டுல மேல்படிப்புக்கு எழுதற பரீட்சை அது. 3500 வார்த்தைன்னு பழைய லிஸ்ட் ஒண்ணு இன்னும் கை மாறி கை மாறி சுத்துது. 2011 ஆகஸ்ட்லயே ஜிஆர்ஈல எதிர்ச்சொல், அனாலஜி கேள்விகள தூக்கிட்டாங்க, இப்ப வர்றதெல்லாம் சென்டன்ஸ்குள்ள வார்த்தைய பொருத்தறது, ஒரு வகைல ஆறு ஆப்ஷன்ல ஒரே அர்த்தம் தர்ற மாதிரி ரெண்ட எடுக்கணும். பரீட்சை வச்சவங்களே ஒத்தை மீனிங்க விட்டுட்டு சென்டன்ஸ்க்கு வந்தாச்சு, நாமதான் இன்னும் கோடு போட்ட நோட்டுல இருக்கோம். எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா நான் 2000ல ஏவரில் காக்ஸ்ஹெட் போட்ட அகடமிக் வேர்ட் லிஸ்ட்ட சொல்லுவேன், 570 வார்த்தைக் குடும்பம், அவ்வளவுதான், காலேஜ் புக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்றது. அத முடிச்சுட்டு வந்து அலங்கார வார்த்தை பேசலாம்.

சரி, நாங்க எப்படிப் பண்றோம். ஒரு வார்த்தைக்கு ஒரு பக்கம். மேல வார்த்தை, கீழ லேர்னர்ஸ் டிக்ஷனரி டெஃபனிஷன் அப்படியே இங்கிலீஷ்ல, தமிழ் வேணும்னா ஓரத்துல பென்சில்ல. அப்புறம் ரெண்டு மூணு டிக்ஷனரிலருந்து எக்ஸாம்பிள் சென்டன்ஸ் எடுத்து எழுதி, நம்ம வார்த்தைக்கு முன்னாடி என்ன பின்னாடி என்ன இருக்குன்னு சிவப்பு பேனால வட்டம். வட்டத்துக்குள்ள ஒரே வார்த்தை ரெண்டு தடவை வந்துச்சுன்னா அது முக்கியமான கூட்டாளி. அதுக்கப்புறம்தான் மெயின் வேலை, அந்த கூட்டாளியையும் சேர்த்து வச்சுக்கிட்டு நம்ம ஊர் விஷயத்துல சொந்தமா ரெண்டு சென்டன்ஸ்.

இந்த ஊர் விஷயம்ங்கறதுல நான் ரொம்ப கறாரு. டிக்ஷனரி எக்ஸாம்பிள்ல கமிட்டி, மினிஸ்டர், ஸ்னோ, மார்ட்கேஜ்னு இருக்கும், அது வேற யாரோட வாழ்க்கையோ, படிச்சு முடிச்ச அடுத்த நிமிஷம் போயிடும். 'அல்லோகேட்' எடுங்க. ஒதுக்குதல்னு மனப்பாடம் பண்ணினா வாட்ஸ்அப்ல ஒருத்தர ஒதுக்கறதுக்கும் போட்டுருவாங்க. எங்க பசங்களுக்கு நான் தண்ணிய எடுத்தேன். பரம்பிக்குளம்-ஆழியார் ஒப்பந்தம் 1970ல போட்டது, மணக்கடவுல வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளாவுக்கு, அந்தத் தண்ணிதான் சித்தூர்ப்புழை வழியா மூலத்தறைக்கு வந்து எங்க வயலுக்குப் பிரியுது. வாட்டர் 'இஸ் அல்லோகேட்டட் டு' கேரளா. தண்ணி, காசு, நேரம், சீட்டு, இந்த மாதிரி பிரிச்சுக் குடுக்கறதுக்குத்தான் அந்த வார்த்தைன்னு சொல்லவே வேண்டியதில்ல, ஆழியார்ல தொறந்து விட்டாங்களா இல்லயாங்கறது வீட்டு வாசல்ல டெய்லி பேசறதுதானே. அந்த ஒரு தண்ணிலயே 'ஸ்கேர்சிட்டி', 'கன்டென்ஷஸ்', 'டைவர்ட்', அப்புறம் மனசில்லாம பண்றதுக்கு 'ரிலக்டன்ட்'னு நாலு வார்த்தை வந்துச்சு. தமிழ்நாட்டு சைடுல சொந்தக்காரங்க இருக்கற ஒரு பையன் 'ரிலக்டன்ட்லி'ய யாருக்குப் போட்டான்னு சொன்னா ரெண்டு பக்கமும் சண்டைக்கு வருவாங்க, விடுங்க.

எனக்கு மறக்கவே மறக்காத சென்டன்ஸ் 'அடல்டரேட்'டுக்கு, அதாவது கலப்படம் பண்றதுக்கு, வந்தது. சித்தூர் தாலுக்கான்னா கள்ளு, கேரளா பூரா கள்ளுக்கடைக்கு வண்டி வண்டியா இங்கருந்துதான் போகுது, எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணோட அப்பா தென்னை ஏறற கள்ளுக்காரர். புக்ல பால், பெட்ரோல்னு எக்ஸாம்பிள் இருந்துச்சு, கூட 'வித்' வருதுன்னு வட்டம் போட்டிருந்தா. கீழ அவளா எழுதினது, தமிழ்ல சொல்றேன், "எங்கப்பா மரத்துலருந்து எறக்கறது சுத்தமான கள்ளு, அது எங்க அடல்டரேட் ஆகுதுன்னு எங்கப்பாகிட்ட கேக்காதீங்க". இங்கிலீஷ்ல அவ அத பேசிவ்ல போட்டிருந்தா, கலக்கினவங்க யாருன்னு சொல்லாம தப்பிக்கறதுக்கு. பேசிவ் வாய்ஸ் எதுக்குன்னு நான் ஒரு மணி நேரம் எடுத்தாலும் அவ்வளவு அழகா சொல்லியிருக்க மாட்டேன்.

சொந்தமா எழுதினா தப்பா எழுதிட்டு அதையே மனசுல பதிய வச்சுக்க மாட்டாங்களான்னு கேக்கலாம், நியாயமான கேள்விதான். அதுக்குத்தான் அந்த வட்டம். கூட்டாளி வார்த்தைய டிக்ஷனரிலருந்து எடுத்துக்கணும், ஆளும் ஊரும்தான் நம்மளுது. அப்பவும் சந்தேகமா இருந்தா கோகான்னு ஒரு கார்பஸ் இருக்கு, அதாவது நெஜமா எழுதின, பேசின இங்கிலீஷ சேத்து வச்ச கம்ப்யூட்டர் தொகுப்பு, அமெரிக்கன் இங்கிலீஷ் 100 கோடி வார்த்தைக்கு மேல, லாகின் மட்டும் பண்ணினா ஃப்ரீயா தேடலாம். 'மிட்டிகேட் பெய்ன்'னா 'அலீவியேட் பெய்ன்'னான்னு ஒரு நாள் பெட் கட்டினாங்க, ரெண்டுக்கும் மீனிங் கொறைக்கறதுன்னுதான் போட்டிருக்கும், தேடிப் பாத்தா வலிக்கு அலீவியேட்தான் வரிசையா வருது, மிட்டிகேட் பக்கத்துல ரிஸ்க், எஃபெக்ட், டேமேஜ்னு நிக்குது. வலி இப்ப இருக்கறது, ரிஸ்க் வரப்போறதுன்னு ஒருத்தி அவளே ரூல் கண்டுபிடிச்சா, முழுக்க அப்படி இல்லன்னாலும் வார்டுக்கு அது போதும்.

திருப்பிப் பாக்கற விஷயத்துக்கு புதுசா சொல்ல எதுவும் இல்ல. மறதி எப்படி சரசரன்னு எறங்குதுன்னு எபிங்ஹாஸ் 1885லயே எழுதிட்டாரு, லைட்னர்னு ஒருத்தர் 1972ல அட்டைய டப்பா டப்பாவா பிரிச்சு தெரிஞ்சத லேட்டா தெரியாதத சீக்கிரமா பாக்கற முறை சொன்னாரு, இப்ப அன்கி ஆப் அதே வேலைய போன்ல செய்யுது. ஒண்ணே ஒண்ணு, அட்டைல முன்னாடி வெறும் வார்த்தைய போடாதீங்க, உங்க சென்டன்ஸ வார்த்தைக்கு மட்டும் கோடு விட்டுப் போடுங்க.

எல்லா வார்த்தையும் ஊருக்கு வராது, அதையும் சொல்லிடறேன். 'பிளிஸர்ட்'டுக்கு, அதான் பனிப்புயல், நாங்க ரொம்ப நேரம் முட்டிப் பாத்தோம், பாலக்காட்டு கணவாய்க் காத்த வச்சு ஏதாவது பண்ணலாம்னு, முடியல. அந்த மாதிரி வார்த்தைய பாத்தா புரிஞ்சுக்கற அளவுக்கு வச்சுட்டு தாண்டிப் போயிடறோம்.

அப்புறம் இந்த நோட்ட ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் அனுப்புங்க டீச்சர்னு வாட்ஸ்அப்ல கேக்கறவங்க நிறைய. அனுப்ப மாட்டேன். மத்தவங்க சென்டன்ஸ் உங்களுக்கு வேலை செய்யாதுங்கறது ஒரு பக்கம், அதுல யாரு வீட்டுத் தண்ணிய யாரு திருப்பிவிட்டாங்க, எந்த அத்தை நிச்சயத்துக்கு ரிலக்டன்ட்டா வந்தாங்கன்னு இந்த ஊரு பூரா இருக்கு, அது வெளிய போச்சுன்னா நான் இங்க டியூஷன் எடுக்க முடியாது.